ஊர் ஊராக, பேர் பேராக

1990-ல் இலங்கையின் பேசாலையிலிருந்து படகேறியபோது எனக்கு 19 வயது. மண்டபம் அகதி முகாமில் சில வாரம், அப்புறம் மதுரைக்கு வெளியே ஒரு முகாம். பத்துக்குப் பத்து அறை, ரேஷன் அரிசி, வரிசை. அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மன்னார்ப் பக்கம் உதைபந்தாட்டம் ஆடுவதை 'பந்தடிக்கிறது' என்போம். முகாமுக்கு வெளியே பொட்டலில் நின்ற பையன்களிடம் "நானும் பந்தடிப்பன்" என்றேன். கையில் கிரிக்கெட் மட்டையைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது பந்தில் அவுட். "சிலோன்காரருக்கு விளையாட்டு வராதுடா" என்று தீர்ப்பும் ஆயிற்று. ஃபுட்பால் என்று சொல்லப் பழகிய பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது.

வேலை என்றுதான் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க பெயிண்ட் அடிப்பு. ஞாயிறு, பொங்கல், கோடை லீவு என்றால் டோர்னமென்ட். அரசரடி ரயில்வே மைதானத்தில் நான் ஆடியதைப் பார்த்த ஒரு அண்ணன், "தம்பி, திண்டுக்கல்ல ஒரு மேட்ச். அம்பது ரூவா, பிரியாணி. வர்றியா?" என்றார். போனேன். பதினைந்து வருஷம் அப்படியே போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் அடித்தது தரை. கடற்கரை மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவன் நான். சறுக்கி விழுந்து பந்தை எடுப்பதுதான் தெரிந்த வித்தை. இங்கே கட்டாந்தரையில் முதல் சறுக்கலிலேயே இடது தொடைத் தோல் உரிந்து, ராத்திரி சாரம் (இங்கே லுங்கி) புண்ணோடு ஒட்டிக்கொண்டது. நாலு நாள் ஏணி ஏற முடியவில்லை, கூலியும் போச்சு. அன்றோடு சறுக்குவதை விட்டேன். ஃபார்வர்டு எந்தப் பக்கம் வெட்டப் போகிறான் என்று பந்தைப் பார்க்காமல் அவன் இடுப்பைப் பார்த்தே பிடிக்கக் கற்றுக்கொண்டேன். "சிலோன் ஓடவே மாட்டான், பந்து தானா அவன்கிட்ட வந்துரும்" என்பார்கள். ஓடினால் விழ வேண்டிவரும் என்று அவர்களுக்குத் தெரியாது.

பெரிய போட்டிகளில் ஆட்டக்காரர் பட்டியலும் அடையாளச் சான்றும் கேட்பார்கள். 1991-க்குப் பிறகு எங்களைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. அகதி அட்டையை யாரிடம் நீட்டுவது? ஆகவே திண்டுக்கல்லில் நான் ஒரு பலசரக்குக் கடைக்காரர் மகன். தேனியில் காலேஜ் பையன். உசிலம்பட்டியில் நிஜ ஆளுக்கு அம்மை போட்டிருந்ததால் அவன் பேரில் இறங்கினேன். கீப்பர் அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவான்; அது நான்தான் என்று எனக்கு உறைக்க அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் கோல் வாங்கியும் இருக்கிறேன்.

உருகுவே ஆட்டக்காரர் செபாஸ்டியன் அப்ரூ 2017-ல் 26-வது கிளப்பில் சேர்ந்து கின்னஸில் ஏறினார். டீம் எண்ணிக்கையில் அவருக்கு நான் சளைத்தவன் இல்லை. எனக்குப் பொறாமை காகிதத்தில்தான். ஆட்டக்காரன் நாடு மாறினால் பழைய நாட்டுச் சங்கம் மாற்றுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம், பொதுவாக இரண்டில்தான் ஆடலாம். நான் ஒரே மாதத்தில் நாலு டீமுக்கு ஆடியவன். விதியை மீற வேண்டுமென்றாலும் முதலில் எங்கேயாவது பதிந்திருக்க வேண்டுமே!

இதையெல்லாம் கேட்காத இடம் கேரளத்து மலப்புரம் செவன்ஸ். பக்கத்துக்கு ஏழு பேர், கமுகிலும் மூங்கிலிலும் கட்டிய கேலரி, ராத்திரி விளக்கு. அகில இந்திய ஃபுட்பால் சங்கத்தின் அங்கீகாரத்துக்கு வெளியே நடக்கும் ஆட்டம். ஒரு மேட்சுக்குக் கிடைத்த காசு எனக்கு மதுரையில் ஒரு வாரக் கூலி. ஆனால் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் நிற்காவிட்டால் உதவிப்பணம் நின்றுவிடும். ஒரு முறை அரையிறுதி முடிந்த கையோடு பஸ் ஏறி, பழனியில் மாறி, விடியற்காலை ஆரப்பாளையத்தில் இறங்கி, கால் கட்டோடு வரிசையில் போய் நின்றேன். அங்கே மட்டும் என் சொந்தப் பேரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கிளம்ப அனுமதி கிடைப்பதற்குள் இறுதிப் போட்டி முடிந்துவிட்டது. என் இடத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பையன் ஆடினானாம். அவனிடம் பாஸ்போர்ட் இருந்தது.

34-ல் முழங்கால் போயிற்று. மகன் மதுரையில் பிறந்தவன், 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்றுதான் பேசுகிறான். ஆனால் 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். நாங்கள் இருவருமே இல்லை. அவனுக்கு ஃபுட்பாலும் பிடிக்காது, கேரம்தான்.

போன மாசம் செல்லூரில் ஒரு வீட்டுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு அந்தத் திண்டுக்கல் பையனின் பேரைச் சொல்லி, "அவருதானே நீங்க? ஒங்களத் தாண்டிப் பந்தக் கொண்டுபோக முடியாம எத்தன நாள் அழுதுருக்கேன்ணே!" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்பாவோட கடை என்னாச்சு?"

"வித்தாச்சு" என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டேன்.