ஆறை வடதளி வரை

கும்பகோணத்தில் ஆட்டோ பேசும்போது பழையாறை என்றதும், "கீழப் பழையாறையா, வடதளியா அக்கா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. இரண்டும்தான் என்றேன். அதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்ட அம்மா, "முதல்ல தாராசுரம் விடுப்பா. பட்டீஸ்வரம், சத்திமுற்றம் பார்த்துட்டு சாயங்காலம் வடதளி. அங்கதான் முடிக்கணும்" என்று கணக்காகச் சொன்னாள்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. தினமும் காலையில் விளக்கேற்றி ஒரு தேவாரப் பதிகம் பாடாமல் காபி குடிக்கமாட்டாள். அதில் பழையாறை வடதளிப் பதிகமும் (பாட்டில் ஊர்ப் பெயர் 'ஆறை') முறை வைத்து வரும். நாற்பது வருடமாகப் பாடுகிற ஊரை அவள் பார்த்ததே இல்லை. சோழர்கள் இருந்து ஆண்ட ஊரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அப்பர் சுவாமிகள் உண்ணாமல் கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. மார்கழிக் கடைசியில் ஒரு நாள் இரண்டும் சேர்ந்து வாய்த்தது.

பழையாறை என்று இன்றைக்குச் சொல்வது சின்னக் கிராமம். முடிகொண்டான் ஆற்றையும் திருமலைராஜன் ஆற்றையும் ஒட்டிய வயல்காடு. அன்றைக்கு அது இந்த வட்டாரம் முழுவதும் பரந்து கிடந்த மாநகரம். பல்லவர் காலத்தில் நந்திபுரம் என்றும், ராஜேந்திரன் காலத்திலிருந்து முடிகொண்ட சோழபுரம் என்றும் பெயர் பெற்றது. தாராசுரமே அந்த நகரின் ஒரு பகுதிதான். ராஜராஜபுரம் என்ற பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து தாராசுரம் ஆகிவிட்டது.

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோவிலுக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி. புல்லெல்லாம் பனி. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவில். ஏற்கெனவே யுனெஸ்கோ பட்டியலில் இருந்த தஞ்சைப் பெரிய கோவிலோடு 2004-இல் இதுவும் சேர்க்கப்பட்டது. வாசலில் பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் சுரம் பேசும் என்பார்கள், இப்போது கம்பி வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சக்கரமும் பாயும் குதிரையுமாகத் தேர் மாதிரி நிற்கிற முன் மண்டபத்துக்கு ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையைப் பகிர்ந்துகொண்டு காளையாகவும் யானையாகவும் தெரிகிற சிற்பத்தை ஒரு அப்பா தன் பையனுக்குக் கையால் பாதி மறைத்து மறைத்துக் காட்டினார். பையன் கத்திய சந்தோஷக் கத்தலில் புறாக்கள் கலைந்தன.

அம்மா எதிலும் நிற்கவில்லை. நேராகப் போய் ஐராவதேஸ்வரரைக் கும்பிட்டாள். இந்திரனுடைய வெள்ளை யானை சாபத்தால் நிறம் மங்கி, இங்கே வழிபட்டுத் திரும்ப வெளுப்பைப் பெற்றது என்பது தலபுராணம். தீபாராதனை ஆனதும் விமானத்தின் வெளிச்சுவரைச் சுற்ற ஆரம்பித்தோம். அங்கேதான் அம்மா நடையை நிறுத்தினாள்.

கீழே, அதிட்டானம் என்கிற அடித்தளத்தை ஒட்டி, சின்னச் சின்னக் கற்பலகைகளில் அறுபத்துமூவர் வரலாறு ஓடுகிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் காலத்தில் அதே அடியார்கள் இங்கே கல்லில் ஏறிவிட்டார்கள். நூலின் ஈரம் காயும் முன்னே உளி எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்த்தது. நின்றபடி பார்த்தால் தெரியாது. உட்கார வேண்டும். அம்மா முட்டிவலியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தில்லைவாழ் அந்தணர்... திருநீலகண்டர்... இயற்பகையார்..." என்று விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே நகர்த்தி எண்ணிக்கொண்டே வந்தவள், அமர்நீதியாரிடம் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

கையகலக் கல்லுக்குள் ஒரு தராசு. எண்ணூறு வருட மழை முகங்களின் மூக்கையும் கண்ணையும் கரைத்துவிட்டது, தராசு மட்டும் தெளிவு. அமர்நீதியார் பழையாறையில் பிறந்த வணிகர். பொன், மணி, பட்டு எல்லாம் வணிகம் செய்தவர். அடியார்க்கு உடையும் கோவணமும் தருவதை விரதமாக வைத்திருந்தார். பிரம்மச்சாரி வேடத்தில் வந்த சிவபெருமான் ஒரு கோவணத்தைக் கொடுத்து, பத்திரமாக வை என்று சொல்லிப் போய், அதை மறையச் செய்துவிட்டு வந்து கேட்கிறார். அதற்கு ஈடாக இன்னொரு கோவணம் வைத்தால் தட்டு நிற்கவில்லை. வீட்டில் உள்ள துணியெல்லாம் வைக்கிறார், பொன்னையெல்லாம் வைக்கிறார், நிற்கவில்லை. கடைசியில் மனைவி, மகனோடு தானே தட்டில் ஏறி நிற்கிறார். அப்போதுதான் சமம் ஆகிறது.

"சாயங்காலம் இவர் ஊருக்குத்தானே போறோம்?" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள்.

தாராசுரத்திலிருந்து பட்டீஸ்வரம் போகிற வழியில் ஊர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், அதுவே பாதி வரலாறு. இந்த வட்டாரத்தில் ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று நான்கு ஊர்கள் உண்டு. தலைநகரைச் சுற்றிப் படை தங்கிய வீடுகள். இன்றைக்கு அங்கே தங்கியிருப்பது சம்பா நெல்தான்.

பட்டீஸ்வரத்தில் நல்ல கூட்டம். வெள்ளிக்கிழமை, ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு மேல் வடக்கு வாசல் துர்க்கைக்காகவே வருகிறார்கள். எட்டுக் கைகளோடு, மகிஷன் தலைமேல் நிற்கிற அவளைச் சோழர் அரண்மனையில் காவல் இருந்தவள், அரண்மனை போன பிறகு இங்கே வந்துவிட்டவள் என்று ஊரில் சொல்வார்கள். அந்த முகத்தில் உக்கிரத்தைவிட நிதானம்தான் எனக்குத் தெரிந்தது. எலுமிச்சை விளக்கின் மணமும் செவ்வரளி மாலையுமாக நெருக்கித் தள்ளுகிற கூட்டத்தில் அரை நிமிடம்தான் கிடைத்தது. போதும் என்று இருந்தது.

மூலவர் தேனுபுரீஸ்வரர். காமதேனுவின் மகள் பட்டி வழிபட்டதால் ஊருக்கு இந்தப் பெயர். திருஞானசம்பந்தர் வெயிலில் நடந்து வருகிறார் என்று பூதங்களை அனுப்பி முத்துப்பந்தல் பிடிக்கச் சொன்ன சுவாமி இவர்தான். குழந்தை வருகிற அழகைத் தானும் பார்க்க வேண்டும் என்று நந்தியை விலகியிருக்கச் சொன்னாராம். இன்றைக்கும் நந்தி நேர்கோட்டில் இல்லை, தள்ளித்தான் படுத்திருக்கிறார். ஆனி மாதத்தில் முத்துப்பந்தல் விழா நடக்கிறது.

பக்கத்திலேயே திருச்சத்திமுற்றம். அங்கே கூட்டமே இல்லை. அம்பாள் சிவலிங்கத்தைக் கட்டித் தழுவி நிற்கிற திருமேனி கருவறைக்கு அருகில் இருக்கிறது. அதன் முன்னால் பேச்சு வராது. அப்பர் தம் தலைமேல் திருவடி வைக்க வேண்டும் என்று இறைவனிடம் விண்ணப்பித்ததும் இங்கேதான். நல்லூருக்கு வா என்று பதில் வந்ததாம். அமர்நீதியார் தராசில் ஏறியதும் அதே நல்லூரில்தான். அன்று நாங்கள் அங்கே போகவில்லை, அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டோம். வெளியே வந்தால் வயலில் ஒரு நாரை, செங்கால் நாரைதான், ஒற்றைக் காலில் நின்றது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சத்திமுற்றப் புலவரின் பாட்டு எனக்குத் தானாக வாயில் வந்தது. அந்தப் புலவர் ஊர் இதுதானே!

அடுத்தது நான் மிகவும் எதிர்பார்த்த இடம். பட்டீஸ்வரம் ஊரெல்லையில், வீடுகளும் தென்னையும் தாண்டி, ஒரு சின்னக் கற்கோவில். உள்ளூர்க்காரர்களுக்கு ராமநாதன் கோவில். கல்வெட்டில் அதன் பெயர் பஞ்சவன்மாதேவீச்சரம். கங்கை வரை படை நடத்திய முதலாம் ராஜேந்திரன், தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவியின் நினைவாக எடுத்த பள்ளிப்படைக் கோவில், அதாவது இறந்தவரை அடக்கிய இடத்தின் மேல் எழுப்பிய கோவில். அவனுடைய 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பெற்ற தாய் அல்ல, அப்பாவின் இன்னொரு தேவி. கங்கைகொண்ட சோழபுரத்தில் அவ்வளவு பெரிய விமானம் எழுப்பியவன், இங்கே அளவாக, சத்தமில்லாமல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறான். எனக்கு இது அந்தப் பெரிய விமானத்துக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை. பள்ளிப்படை என்றதும் தயங்குவாளோ என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் கையில் மிச்சமிருந்த அரளிச் சரத்தை நந்தியின் கழுத்தில் போட்டுவிட்டு, "வளர்த்தவளை மறக்கல பாரு" என்றாள்.

மதியம் ஒரு மரத்தடியில் புளியோதரையும் தயிர்சாதமும். ஆட்டோ தம்பியும் எங்களோடு சாப்பிட்டார். நான்கு மணிக்கு மேல்தான் மறுபடி நடை திறப்பார்கள் என்பதால் மெதுவாகக் கிளம்பினோம்.

சோழன்மாளிகை என்று ஒரு ஊர் வருகிறது. இறங்கிப் பார்த்தேன். சாலை, கூரை வீடுகள், மாட்டுத் தொழுவம், ஒரு அடிபம்பு. மாளிகை பெயரில் மட்டும்தான். சுந்தர சோழனும் குந்தவைப் பிராட்டியும் இருந்த நகரம் என்று படித்ததையெல்லாம் அந்தச் சாலையில் நிறுத்திப் பார்க்க முயன்றேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. செங்கல்லும் மரமுமாகக் கட்டிய அரண்மனைகள் நிற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டைப் பிடித்து, இந்த முடிகொண்ட சோழபுரத்திலேயே வீராபிஷேகம், அதாவது வெற்றி முடிசூட்டு, செய்துகொண்டான். அவன் கல்வெட்டுகள் அதைப் பெருமையாகச் சொல்கின்றன. அவனுக்கு அறுநூறு வருடம் முன்னால் இதே ஊர்ப் பெண் மங்கையர்க்கரசியார் பாண்டிமாதேவியாக மதுரைக்குப் போய், சம்பந்தரை வரவழைத்து, அந்த நாட்டில் திருநீற்றைத் திரும்ப நிலைக்க வைத்தார். இதை அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம பொண்ணு அங்க போய் விளக்கேத்தினா, அவங்க பிள்ளை இங்க வந்து தீ வச்சான்" என்றாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, போன மாதம் நடந்ததுபோல.

கீழப் பழையாறை சோமநாதர் கோவிலுக்குப் போகிற பாதை வயலுக்கு நடுவே. தூரத்திலேயே கோபுரம் தெரிந்தது. காலம் அதை நிறையத் தின்றிருக்கிறது. சுற்றிலும் ஆளரவமே இல்லை. உள்ளே ஒரே ஒரு அகல். மங்கையர்க்கரசியார் பிறந்த ஊர், அமர்நீதியார் பிறந்த ஊர் என்று கொண்டாட வேண்டிய இடத்தில் அந்த மாலை நேரத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். எண்ணெய் பாட்டில் ஒன்று வாங்கி வந்திருந்தோம், அதை அங்கே கொடுத்துவிட்டோம். போகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் எண்ணெயும் திரியும் எடுத்துப் போங்கள்.

வடதளிக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தளி என்றால் கோவில். பழையாறையின் நான்கு தளிகளில் இதுதான் அப்பர் வந்த தளி. உயரமான தளத்தின் மேல் கோவில், படியேறிப் போக வேண்டும். இங்கே வந்த அப்பர் சுவாமிகளுக்குச் சிவலிங்கம் தெரியவில்லை. சமணர்கள் விமானத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பார்க்காமல் போகமாட்டேன் என்று சாப்பாடு இல்லாமல் இருந்தார். இறைவன் அரசன் கனவில் வந்து, நாம் இருக்கும் இடம் இது, இன்ன அடையாளம் என்று சொன்னார். அரசன் ஓடி வந்து மறைப்பை நீக்கினான். "மறைத்தால் மறைக்க ஒண்ணுமே" என்று அப்பர் பாடியது அந்தத் தரிசனத்தில்தான்.

கோவில் பூட்டியிருந்தது. ஆட்டோ தம்பி எங்களை விட்டுவிட்டுச் சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போனார். அம்மா படியில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் பதற்றம், இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போய்விடுவோமோ என்று. ஒரு வாய்த் தண்ணீர் குடி என்று பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "அவர் எத்தனை நாள் இருந்தாரோ, நமக்கு அரைமணி நேரம் பெரிசா?" என்றாள்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். "மன்னிக்கணும்மா, மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. வெளவால் வாடை. அவர் ஒரு விளக்கைத் தூண்டிவிட்டு உயர்த்திப் பிடித்தார். முதலில் வெறும் கருப்புதான். அப்புறம் மெல்ல, விபூதிக் கீற்று தெரிந்தது. பின்பு அதைச் சுற்றி ஆவுடையார், பாணம், காய்ந்த ஒரு வில்வ இலை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள். வீட்டில் பாடுகிற அதே குரல், அதே இடத்தில் மூச்சு வாங்குகிற பழக்கம். "அலையினார் பொழில் ஆறை வடதளி" என்ற இடம் வந்தபோது கண்ணைத் திறந்து சுவாமியைப் பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது. பெரியவர் விளக்கை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பாடுங்கம்மா" என்றார். "அவர் கேக்கறார்."

அம்மா அந்த அடியை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.