எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எழுதிய கடிதங்கள்

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம்தான் கொடுத்தேன். பொங்கலுக்கு உங்கள் ஊருக்கு வரச்சொல்லி ஒரு நண்பனுக்கோ தோழிக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். பள்ளி திறந்ததும் 38 நோட்டு வந்து மேசையில் குவிந்தது. அதில் 36 கடிதங்கள் 'மை டியர் ஒய் ஒய் ஒய்' என்று தொடங்கி 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்ற கையெழுத்தில் முடிந்திருந்தன.

முதல் பெஞ்சில் இருந்தவனை எழுப்பினேன். "யாருப்பா இந்த ஒய்?"

"பிரெண்டு சார்."

"பேரு?"

"ஒய்தான் சார்."

வகுப்பு சிரிக்கவில்லை. சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். தப்பு அவர்களுடையதும் இல்லை. பொதுத்தேர்வு விடைத்தாளில் தன் பெயர், பள்ளிப் பெயர், ஊர் எதையும் எழுதக் கூடாது, திருத்துகிறவருக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் கடிதக் கேள்வி வந்தால் பெயருக்கு எக்ஸ், விலாசத்துக்கு ஒய். கடிதத்துக்கு 5 மதிப்பெண். அதில் ஃப்ரம், டு, தேதி, கடைசியில் கட்டம் கட்டி உறைமேல் விலாசம், இவை சரியாக இருந்தால் நடுவில் என்ன எழுதினாலும் இரண்டு மூன்று தேறிவிடும். இதை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிச் சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். பழக்கியதில் நானும் ஒருவன். தேர்வறையில் போடச் சொன்ன முகமூடியை வீட்டில் கழற்றலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

நான் 2007-இல் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர். ஆங்கிலத்துக்கு நான் ஒருவன்தான். ஆறு முதல் பத்து வரை ஏறக்குறைய 180 பிள்ளைகள். ஆளுக்குக் கட்டுரை நோட்டு, கிராமர் நோட்டு, ஹோம்வொர்க் நோட்டு என்று மூன்று வைத்தாலே 540. ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்று கணக்குப் போட்டால் 18 மணி நேரம். பள்ளியில் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒரு ஓய்வுப் பாடவேளை. அதிலும் யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்குப் போக வேண்டும்.

அப்புறம் என்ன செய்வது? எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். நோட்டை வலது கையால் புரட்டிக்கொண்டே போவது. இடப்பக்கம் மேலே ஒரு டிக், வலப்பக்கம் கீழே ஒரு டிக், முடிவில் சிவப்பு மையில் சுருக்கொப்பம், தேதி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் ஒரு வகுப்பு நோட்டு முடிந்துவிடும். மேடு பள்ளத்தில் சில டிக்குகள் மின்னல்போல இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பதும் அதைத்தான்: சிவப்பு இருக்கிறதா, தேதி விட்டுப்போகாமல் இருக்கிறதா. எனக்கு 'நோட்டு திருத்தம் நன்று' என்று பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளும் நம் வேகத்துக்கு ஏற்றபடிதான் எழுதுவார்கள். கட்டுரை முதலில் கைடிலிருந்து ஒருத்தியின் நோட்டுக்கு வரும். காலையில் வழிபாட்டு மணி அடிப்பதற்கு முன் அந்த நோட்டு வேப்பமரத்தடியில் கை மாறும். ஒன்பதேகாலுக்குள் நாற்பது கட்டுரை தயார். ஒருமுறை கடித வீட்டுப்பாடத்தில் 'ஃபெய்த்ஃபுல்லி'யில் இரண்டு எல் வரவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் இருந்தது. அது எத்தனை பேரிடம் போயிருக்கிறது என்று விளையாட்டாகத் தேடினேன். 27 நோட்டில் இருந்தது. மீதிப் பேரில் ஐந்து பேர் அன்றைக்கு நோட்டே கொண்டுவரவில்லை. காய்ச்சல் பரவுவதைப் போலப் பரவியிருந்தது. யார் யாருக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்கள், யார் யாரோடு 'டூ' விட்டிருக்கிறார்கள் என்பது வரை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

அடித்துத் திருத்தியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இம்போசிஷன் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். 'ஐ வில் நாட் காப்பி' என்று நூறு முறை எழுதச் சொன்னால், முதலில் 'ஐ' மட்டும் வரிசையாக நூறு, பிறகு 'வில்' நூறு என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல மேலிருந்து கீழே இறங்கி முடித்துவிடுவார்கள். அதில் ஆங்கிலமும் இல்லை, தண்டனையும் இல்லை.

வீட்டுப்பாடம் என்று நாம் எளிதாகச் சொல்கிற சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். வீட்டில் பாட்டி, இரண்டு ஆடு, ஒரு தம்பி. தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பியைத் தூங்கவைத்து, அதற்குமேல் நோட்டைத் திறக்கும் பெண்ணிடம் 'உலக வெப்பமயமாதல்' பற்றி 150 சொற்களில் கட்டுரை கேட்டிருக்கிறேன். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பி, பத்தாம் வகுப்புப் பையின் எடை 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது. ஆசிரியர் அறையில் அன்று பையின் எடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். எழுத்துவேலையின் எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மேசைமேல் 540 நோட்டு இருந்ததால் எனக்கு மட்டும் அது உறைத்தது.

எக்ஸ், ஒய் கடிதங்களுக்குப் பிறகு சில மாற்றங்கள் செய்தேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுப்பாடத்தை ஐந்து வரியாகக் குறைத்தேன். கைடில் இருக்க முடியாத ஐந்து வரி: உங்கள் வீட்டு ஆடு நேற்று என்ன செய்தது? பாட்டி யாரோடு சண்டை போட்டார்? சொந்தப் பெயர் கட்டாயம். வாரத்துக்கு ஒரு வகுப்பு நோட்டை மட்டும் வாங்கி முழுவதும் படிப்பேன். மற்ற வகுப்புகளுக்குப் பழைய டிக்தான், அதை மறைப்பதற்கில்லை.

முதல் மாதம் வந்த ஆங்கிலம் பயங்கரமாக இருந்தது. கைடுக்குப் பின்னால் இத்தனை நாள் ஒளிந்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. 'ஐ ஸ்கூல் டு கோயிங்' என்று ஒருவன் எழுதியிருந்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அது தப்பே இல்லை, தமிழ் என்று புரிந்தது. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதே இடத்தில் வைத்திருக்கிறான். 'பள்ளி'க்குப் பின்னால் 'க்கு' வருகிறது, அதனால் 'ஸ்கூல்'க்குப் பின்னால் 'டு'. வினைச்சொல் கடைசியில் வரவேண்டும், வந்திருக்கிறது. 'ஐ ஆம் கோயிங்'கில் வரும் 'ஆம்' எங்கே என்றால், தமிழில் அதற்குத் தனிச்சொல் கிடையாது, அவன் எங்கிருந்து கொண்டுவருவான்? கைடைப் பார்த்து எழுதிய 27 கடிதங்களில் இவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இந்த ஒரு வரியில் தெரிந்தது. மறுநாள் கரும்பலகையில் தமிழ் வரியை மேலேயும் ஆங்கில வரியைக் கீழேயும் எழுதி, எந்தச் சொல் எங்கே தாவுகிறது என்று கோடு போட்டுக் காட்டினேன். பத்து ஆண்டு கிராமர் நோட்டில் நடக்காதது நடந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஏழெட்டுப் பேருக்கு விளங்கியது.

எழுத்துக்கூட்டலில் இன்னொரு வேடிக்கை. நமக்கு 'ப' ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'பி' இரண்டு, வாயை மூடித் திறக்கும்போது தொண்டை அதிர்கிறதா என்பதில்தான் வேறுபாடு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பெரிய அண்ணனைப் பற்றி எழுதும்போது 'பிக்' என்ற சொல்லில் ஒரு 'பி'க்கு இன்னொரு 'பி'யைப் போட்டு, ஐந்து வரியிலும் அண்ணனைப் பன்றியாக்கி வைத்திருந்தான். 'மை பன்றி அண்ணன் இஸ் வெரி குட்' என்கிற மாதிரி. படித்துக் காட்டினால் அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அதன்பிறகு எந்த வகுப்பிலும் அந்தச் சொல் வந்தால் என் சிவப்புப் பேனா தானாகவே வட்டம் போட்டுவிடும். அந்த வட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடையில் கொரோனா வந்தது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்புக்குப் போனது. போன் அப்பாவிடம் இருக்கும், அவர் வேலை முடித்து வந்த பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேல் நோட்டுப் படங்கள் வந்து விழும். பாதிப் படத்தில் கட்டைவிரல், மீதியில் அக்காவின் கையெழுத்து. இப்போது போனே எழுதித் தந்துவிடுகிறது. அது எழுதுகிற கடிதத்தில் தப்பு இருக்காது, ஆடும் இருக்காது. அதனால் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை.

2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகள் திறந்தபோது, பெரிய பிள்ளைகளே எழுத மறந்துபோய் வந்தார்கள். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வழி சொல்லும் கேள்வி ஒன்று உண்டு, இரண்டு மதிப்பெண். ஒரு வரைபடம் இருக்கும், அதில் வங்கி, தபால் நிலையம், பூங்கா, நேர்த்தெருக்கள். 'கோ ஸ்ட்ரெய்ட், டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட்' என்று எழுதினால் போதும். எங்கள் ஊரில் பூங்காவும் இல்லை, நேர்த்தெருவும் இல்லை. அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன்: பள்ளியிலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது என்று ஐந்து வரி. நான் அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தால் வீடு வந்து சேர வேண்டும்.

எல்லோர் வீட்டுக்கும் நடக்கிற உத்தேசம் எனக்கில்லை, சும்மா சொன்னதுதான். ஆனால் ஒரு பெண் நோட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் முழுவதும் வரவில்லை. கொடுத்திருந்த போன் எண்ணும் எடுக்கவில்லை. கல்யாணம் பேசுகிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். சனிக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏரிக்கரை வரை சரியாக வந்தேன். ஏரிக்கரை முடிந்ததும் 'பிக் ட்ரீ'யில் இடப்பக்கம் திரும்பு என்று எழுதியிருந்தாள். பன்றிக்கு உரிய 'பி'. நான்தான் வட்டம் போட்டு, மேலே சரியான எழுத்தை எழுதி, அரை மதிப்பெண்ணும் குறைத்திருந்தேன். பெரிய மரமாகத் தேடினேன். கரை முழுக்கப் பெரிய மரங்கள்தான். முதலில் ஓர் ஆலமரத்தில் திரும்பி, யாரோ ஒருவருடைய களத்துமேட்டில் போய் நின்றேன். அடுத்து ஒரு அரசமரம், அங்கே நாய் துரத்தியது. கடைசியில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு வீடா? பன்னிப் புளிகிட்ட திரும்பு சாமி."

நடுத்தரமான ஒரு புளியமரம். அதன் அடியில் சேற்றில் ஏழெட்டுப் பன்றிகள் படுத்திருந்தன. எப்போதும் படுத்திருக்குமாம், அந்த மரத்துக்குப் பெயரே அதுதானாம்.

வீட்டில் கல்யாணம் ஒன்றும் இல்லை. அவளுடைய பாட்டி வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பாட்டி எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். நான் நோட்டைத் திறந்து, என் வட்டத்தை அடித்துவிட்டு, குறைத்த அரை மதிப்பெண்ணைப் போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய டிக் வைத்தேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொல்லலாம்னு இருந்தேன் சார்" என்றாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க வட்டம் போட்டுட்டீங்களே சார்."

புதன்கிழமை பள்ளிக்கு வந்தாள். அந்த மாதக் கடைசியில் ஆய்வு. வந்த அதிகாரி ஒன்பதாம் வகுப்பு நோட்டுக்கட்டிலிருந்து கைக்கு வந்த இரண்டை உருவினார். ஒன்று அவளுடையது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"என்ன சார் இது? முதல்ல சரியா திருத்தியிருக்கீங்க, அப்புறம் அதையே அடிச்சுட்டு டிக் போட்டிருக்கீங்க. பன்னி மரமா?"

சொன்னேன். ஏரிக்கரை, புளியமரம், சேறு எல்லாம் சொன்னேன். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி முழுவதும் கேட்டுவிட்டு, "சரி" என்றபடி பச்சை மைப் பேனாவைத் திறந்து, என் டிக்குக்குக் கீழே எழுதினார்: 'எழுத்துப்பிழைகளைக் கவனமாகத் திருத்தவும்.'