திசைகாட்டிக்குப் போட்டவர்கள் எழுதும் கடிதம்

17.02.2025, திங்கள்

இன்று வரவு செலவுத் திட்டம். காலபோக நெல்லை முற்றத்தில் காயவிட்டுக்கொண்டே ஜனாதிபதியின் உரையைப் போனில் முழுக்கக் கேட்டேன். எங்கள் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடி ரூபா என்று வந்ததும், பக்கத்து வளவுப் பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டி "உது எத்தினையாவது பாலம் தம்பி?" என்றார். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய. ஆனால் இந்த முறை தொகையோடு சொல்லியிருக்கிறார்கள், அது சும்மா இல்லை.

நெல்லுக்கு உத்தரவாத விலையும் வந்தாச்சு: கிலோவுக்கு நாடு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. இந்த மாதம் 5ஆம் திகதிதான் அறிவித்தார்கள். அதற்கு முன்னமே கடன்காரருக்குப் பயந்து களத்திலேயே ஈர நெல்லை விற்றவர்களுக்கு அந்த விலையால் என்ன பிரயோசனம்?

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் போன செப்டெம்பர் 21 இல் அநுர குமார திசாநாயக்கவுக்குப் போட்டவன். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அப்படிப் போட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு வீடு வீடாகத் துண்டுப்பிரசுரமும் கொடுத்தேன், வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 2 திசைகாட்டிக்கு, அதாவது அவருடைய தேசிய மக்கள் சக்தியின் சின்னத்துக்கு, வந்தபோது வெடி கொளுத்தியவர்களில் நானும் ஒருவன். கட்சி அட்டை கிடையாது. கமக்கார அமைப்பில் கடிதம் எழுதுகிற வேலை என்னுடையது, அவ்வளவுதான்.

07.05.2025, புதன்

உள்ளூராட்சித் தேர்தல் முடிவு. நவம்பரில் எங்களுக்கு விழுந்த வாக்குகளில் நிறைய மறுபடி தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போய்விட்டன. கட்சி அமைப்பாளர் தோழர் போன் எடுத்து, தமிழ்க் கட்சிகள் இனவாதம் கதைத்துத்தான் வென்றார்கள் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். நான் மார்ச் 28 இல் அரசாங்கம் போட்ட காணி வர்த்தமானி அறிவித்தலைப் பற்றிக் கேட்டேன். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல் காணி, உரிமை கோருவதற்கு 3 மாதம், கோராவிட்டால் அரச காணி. முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். காணி உறுதி எரிந்தவர்கள், உரிமையாளர் கனடாவில் இருப்பவர்கள், காணாமல் போனவரின் பெயரில் காணி கிடக்கிறவர்கள், இவர்களெல்லாம் 3 மாதத்தில் எந்தக் கந்தோருக்கு ஓடுவது? தேர்தலுக்கு ஆறு கிழமைக்கு முன்னால் இப்படி ஒன்றைப் போட்டுவிட்டு வாக்கு எங்கே போனது என்று தேடுகிறார்கள்.

தோழர் சொன்னார்: "அது அதிகாரிகள் செய்தது."

அப்படியென்றால் அதிகாரிகளை மாற்றத்தானே உங்களுக்கு வாக்குப் போட்டோம்.

18.05.2025, ஞாயிறு

முள்ளிவாய்க்கால். கஞ்சி. வேறு எதுவும் எழுத மனமில்லை.

28.06.2025, சனி

நேற்று உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. அரசாங்கமும் அதைத் திருப்பி எடுக்கிறது. நல்ல விசயம். எடுத்ததற்கு நன்றி என்று தோழருக்கு மெசேஜ் போட்டேன், அதையும் சொல்லத்தானே வேண்டும். ஆனால் வழக்குப் போட்டது, ஊர் ஊராகக் கூட்டம் வைத்தது எல்லாம் மற்றக் கட்சிக்காரரும் சட்டத்தரணிகளும் சிவில் அமைப்புகளும். திசைகாட்டிக்குப் போட்ட நாங்கள் அந்த மூன்று மாதமும் வாய் பொத்திக்கொண்டிருந்தால் அடுத்த முறை எந்த முகத்தோடு பெரியப்பா வீட்டுப் படலையைத் திறப்பது?

18.08.2025, திங்கள்

இன்று ஹர்த்தால். முத்தையன்கட்டுக் குளத்தில் இளைஞர் ஒருவரின் உடல் மீட்கப்பட்டு, இராணுவத்தினர் சிலர் கைதான பிறகு, இராணுவப் பிரசன்னத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி கூப்பிட்டது. சில கடைகள் பூட்டு, சில கடைகள் அரைக் கதவு. முகநூலில் எங்கள் ஆட்கள் ஹர்த்தாலை நக்கலடித்து மீம்ஸ் போடுகிறார்கள். ஒரு பொடியன் செத்திருக்கிறான். அதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நக்கலடித்தாலாவது பரவாயில்லை.

31.08.2025, ஞாயிறு

ஜனாதிபதி நாளை மறுநாள் வட்டுவாகலுக்கு வருகிறார், பாலத்துக்கு வேலை தொடங்கி வைக்க. சரி, இதுதான் சந்தர்ப்பம் என்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூடினோம். எல்லாரும் அவருக்கோ அவருடைய கட்சிக்கோ வாக்களித்தவர்கள் மட்டும். அந்த நிபந்தனையை வைத்தது நான். எதிர்க்கட்சிக்காரனின் கையெழுத்து ஒன்று இருந்தாலும் கடிதம் குப்பைக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும்.

என்ன எழுதுவது என்பதில் பெரிய இழுபறி. ஒருவர் உள்வீதி என்றார், ஒருவர் யானை வேலி என்றார், ஒரு அக்கா நுண்கடன் என்றார். எல்லாம் உண்மையான கரைச்சல்தான். ஆனால் எல்லாவற்றையும் எழுதினால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கொடுக்கிற மனு மாதிரி வந்துவிடும், உரிய திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார்கள். கடைசியில், அவர் தன் வாயால் சொன்னது, தன் விஞ்ஞாபனத்தில் எழுதியது, காசு பெரிதாகத் தேவைப்படாதது, இவற்றை மட்டும் எழுதுவது என்று முடிவாச்சு.

முதலாவது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979 இல் தற்காலிகமாக என்று கொண்டு வந்து பிறகு நிரந்தரமாக்கிய சட்டம், அவருடைய கட்சிக்காரரே தெற்கில் அனுபவித்த சட்டம். நீக்குவோம் என்றார்கள். இன்னும் இருக்கிறது, இன்னும் பாவிக்கிறார்கள்.

இரண்டாவது மாகாண சபைத் தேர்தல். ஒரு வருடத்துக்குள் வைப்போம் என்று விஞ்ஞாபனத்தில் இருக்கிறது. வடக்கில் கடைசியாக வாக்குப் போட்டது 2013 செப்டெம்பர் 21. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதிலிருந்து ஆளுநர்தான் எல்லாம். எல்லை நிர்ணயச் சிக்கல் என்கிறார்கள். 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடித்தது, அதோடு நிற்கிறது. பழைய முறையில் நடத்துவதற்குச் சட்டத்தைத் திருத்தினால் போதும். பாராளுமன்றத்தில் 225 பேரில் 159 பேரை வைத்துக்கொண்டு ஒரு திருத்தம் கொண்டுவர முடியாதா? பெரியப்பா இதைத்தான் கேட்கிறார், எனக்குப் பதில் இல்லை.

மூன்றாவது காணி. பாலம் வரப்போகிற அதே வட்டுவாகலில் கடற்படை முகாமுக்குள் 617 ஏக்கர் கிடக்கிறது. அதில் சனத்தின் காணியும் இருக்கிறது. அளக்க வந்தபோதெல்லாம் சனம் வெயிலில் குந்தியிருந்து மறித்தது. பாலத்துக்கு அடிக்கல் நடுகிற இடத்திலிருந்து பார்த்தால் முகாம் வேலி தெரியும், அதனால் இதை அவருக்கு அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று எழுதினோம். இராணுவம் காணி பிடித்து வைத்திருக்கிற கேப்பாப்புலவையும் சேர்த்தோம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதத் தொடங்கியதும் அறை அடங்கிப்போனது. கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா மகனின் படத்தைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டு வந்திருந்தார், உறையின் மூலைகள் மஞ்சளாகிப் பிய்ந்து, டேப் ஒட்டியிருந்தது. "நட்டஈடு எண்டு எழுதாத தம்பி, என்ன நடந்தது எண்டு சொல்லச் சொல்லி எழுது" என்றார். அதையே அப்படியே எழுதினேன், திருத்தவில்லை.

இரவு தோழர் வந்தார், யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அண்ணை, இப்ப உதைக் குடுத்தா ஊடகக்காரர் தூக்கிப் பிடிப்பினம். எழுபத்தாறு வருசக் குப்பையை ஒரு வருசத்தில கூட்ட ஏலுமோ?"

"ஏலாது. எந்த மூலையிலயிருந்து கூட்டத் தொடங்குறீங்கள் எண்டாவது சொல்லலாம்தானே?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். கோபமில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறது, பாவம்.

02.09.2025, செவ்வாய்

கல் நட்டாச்சு. பழைய வட்டுவாகல் பாலத்தைத் தெரியாதவர்களுக்கு: அது பாலமே இல்லை, நந்திக்கடல் தண்ணீருக்குக் குறுக்கே கிடக்கிற ஒரு ஒடுக்கமான கல்வீதி. எதிரே பஸ் வந்தால் மற்றது நிற்க வேண்டும், மாரியில் வெள்ளம் மேலால் ஓடும். 2009 மே மாதம் எங்கள் சனம் உயிரோடு கடந்த வழியும் அதுதான். அந்த இடத்தில் ஒரு ஜனாதிபதி வந்து வேலையைத் தொடங்கியது எனக்கு உண்மையிலேயே சந்தோசம். கை தட்டினேன். அதே நாளில் வடக்குத் தென்னை முக்கோணமும் தொடங்கியது, அதற்கும் தட்டலாம்.

கடிதத்தை நேரே கொடுக்க விடவில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் உறையைத் தடவிப் பார்த்தார். கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து போகிற அதிகாரி ஒருவர், தான் சேர்ப்பிக்கிறேன் என்று வாங்கினார். பிரதியில் அவரிடமே கையெழுத்து வாங்கிவைத்தேன். கமக்கார அமைப்பில் பழகிய பழக்கம்.

21.09.2025, ஞாயிறு

ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இன்றோடு ஒரு வருடம். கூட்டத்துக்கு வரச்சொல்லித் தோழர் கூப்பிட்டார், போனேன். சாதனைப் பட்டியல் வாசித்தார்கள். உரமானியம் ஹெக்டேயருக்கு 15,000 இலிருந்து 25,000 ஆனதைச் சொன்னபோது நானும் தலையாட்டினேன், அது எங்கள் கைக்கு வந்த காசு. மாகாண சபை என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. கேள்வி நேரத்தில் எழும்பிக் கேட்டேன். "ஆலோசனை நடக்கிறது" என்றார்கள். எந்த மாதம் என்று அந்த அக்கா கேட்டார், நுண்கடன் அக்காதான். மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

26.09.2025, வெள்ளி

பதில் வந்தது. கடிதம் கிடைத்ததாம், உரிய அமைச்சுகளுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். எந்த அமைச்சு என்று இல்லை. ஞாயிறு பின்னேரம் மறுபடி கூடுகிறோம், இந்த முறை ஒவ்வொரு அமைச்சுக்கும் தனித்தனியாக. தோழரும் வருகிறேன் என்றிருக்கிறார். கையெழுத்துப் போடுவாரா என்று தெரியாது, நாற்காலி ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.