டூயல் லீட் தாள்: அடுத்த பேட்சுக்குச் சில குறிப்புகள்

ரிசல்ட் வந்துவிட்டது. அரேஞ்ச்மென்ட் தாளில், அதாவது இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிக்கும் டூயல் லீட் சோலோவை எழுதும் தாளில் பாஸ், மார்க்கும் மோசமில்லை. "ஸ்கோர் படிக்கச் சிரமமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி மார்க்கை வெட்டியிருக்கிறார்கள், அதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை. ஸ்கோரை, அதாவது இசையை எழுதிக் கொடுக்கும் தாளை, கையால் எழுதலாம் என்று சொன்னவர்களும் அந்தத் தேர்வாளர்கள்தான். சரி, போகட்டும். இரண்டு கிட்டாருக்கு 16 பார் (தாளக் கட்டங்கள்) எழுதி, ரெக்கார்டிங் கொடுத்து, வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்; நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைக் கேட்டால் இந்தத் தாளே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: லீட் எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறதோ, அங்கே ஹார்மனியை கார்டைப் பார்த்து வையுங்கள். ஸ்கேலை நம்பாதீர்கள். (லீட் என்பது மெட்டை வாசிக்கும் கிட்டார், ஹார்மனி கூடவே இரண்டாவது கிட்டார் வாசிப்பது, கார்டு பின்னால் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், ஸ்கேல் பாட்டின் ஸ்வர வரிசை.)

வழக்கமாக என்ன செய்கிறார்கள்? லீட்டை எழுதி முடித்ததும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஸ்கேலில் இரண்டு படி தள்ளி இன்னொரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டே போகிறார்கள். ஓடும் ஸ்வரங்களுக்கு அது போதும், காது கண்டுகொள்ளாது. நீளமாக நிற்கும் ஸ்வரத்தில்தான் வம்பு வரும்.

என் சோலோ ஏ மைனர். கார்டுகள் ஏ மைனர், எஃப், சி, ஈ, பாருக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப. இரண்டாவது கிட்டாரை லீட்டுக்குக் கீழே ஒரு தேர்டில், அதாவது ஸ்கேலில் இரண்டு படி தள்ளி, வைத்தேன். பன்னிரண்டாவது பாரில், ஈ கார்டின் மேல், லீட் பி-யில் நிற்கிறது. ஸ்கேல்படி கீழே வருவது ஜி. ஆனால் பின்னால் ரிதம் கிட்டார் அடிக்கும் ஈ மேஜரில் இருப்பது ஜி ஷார்ப், ஜி-க்கு அரை ஸ்டெப் மேலே. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் யாரோ கம்பியைத் தவறாக அழுத்திவிட்டது போலத்தான் கேட்கும். அந்த இடத்தில் மட்டும் ஜி ஷார்ப் வைத்தேன், சரியாகிவிட்டது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட சமாச்சாரம்தான்: நடபைரவி ராகமாகப் போய்க்கொண்டிருந்தது ஈ கார்டு வரும்போது காகலி நிஷாதத்தை (இங்கே அந்த ஜி ஷார்ப்) தொட்டு, கீரவாணி ராகத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

இன்னொன்று இதைவிட நைசாக ஏமாற்றும். ஏ மைனர் கார்டின் மேல் லீட் ஏ-யில் நிற்கிறது என்று வையுங்கள். கீழ்த் தேர்ட் எஃப். ஸ்கேலில் இருக்கும் ஸ்வரம்தான், கடிக்கவும் கடிக்காது. ஆனால் கேட்பவருக்கு கார்டே எஃப்-க்கு மாறிவிட்டது போல இருக்கும். அடுத்த பாரில் நிஜமாகவே எஃப் வரும்போது அதில் சுவாரசியம் மிஞ்சாது. அங்கே ஈ வையுங்கள், அதாவது தேர்டுக்குப் பதில் ஃபோர்த் (மூன்று படி தள்ளி). கீழே ஹார்மனி எழுதுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது: லீட் கார்டின் ரூட்டில் (கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்) நின்றால் கீழே ஃபோர்த், கார்டின் மூன்றாவது அல்லது ஐந்தாவது ஸ்வரத்தில் நின்றால் கீழே தேர்ட். மேலே ஹார்மனி வைப்பவர்களுக்கு, லீட் ஐந்தாவதில் நிற்கும்போது ஃபோர்த் வரும்.

மேலேயா கீழேயா என்று சண்டை போடுவார்கள். காது மேலே இருக்கும் ஸ்வரத்தைத்தான் மெட்டாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் மெட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால் ஹார்மனியைக் கீழே வையுங்கள்.

பெண்ட் (கம்பியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றுவது) எழுதும்போது கவனம். லீட், மூன்றாம் கம்பி 7-ஆம் ஃப்ரெட்டில் டி-யைப் பிடித்து ஈ வரை முழு ஸ்டெப் இழுக்கிறது. அதற்குக் கீழ்த் தேர்ட், அதே கம்பி 4-ஆம் ஃப்ரெட்டில் பி, போய்ச் சேர வேண்டியது சி. அது அரை ஸ்டெப்தான். இரண்டு பேரும் ஒரே அளவு இழுத்தால் இரண்டாவது ஆள் சி ஷார்ப்பில் போய் நிற்பார். ஸ்கோரில் இரண்டு பெண்டுக்கும் தனித்தனியாக அளவு போடுங்கள். நான் போட்டிருந்தேன், "சிரமமாக இருந்த" அதே ஸ்கோரில்.

மற்றவை, வேகமாக:

பதினாறு பாருக்கும் ஹார்மனி வேண்டாம். முதல் எட்டு ஒற்றை கிட்டார், அப்புறம் இரண்டாவது நுழையட்டும். நுழையும் இடம்தான் மார்க்.

இரண்டு பாகத்தையும் ஒரே ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கி), கெயின் ஏற்றிக் கரகரப்பாக வாசிக்காதீர்கள். தேர்டுகள் உறுமும். தனித்தனி டிராக், இடது வலது.

வைப்ரேட்டோ (நிற்கும் ஸ்வரத்தை அசைப்பது) அகலம் இரண்டு கிட்டாரிலும் ஒத்துப்போகவில்லை என்றால் ட்யூனிங்தான் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

பாட்டின் கீயை (ஏ மைனர் போல) மட்டும் கேட்டுக்கொண்டு தானாக ஹார்மனி சேர்க்கும் பெடலை நம்ப வேண்டாம். ஈ கார்டில் அதே ஜி-யைத்தான் தரும்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம் என்று விதியில் இருக்கிறது. நான் சேரவில்லை, இரண்டையும் நானே வாசித்தேன். நேரம் பேசி, ஆளைப் பிடித்து, அவருக்குப் பிடிக்காத ஸ்வரத்துக்கு விளக்கம் சொல்லி... எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. உங்களுக்கு நல்ல கூட்டாளி இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

வைவாவில் வரலாறு கேட்பார்கள் என்று பயந்து விஷ்போன் ஆஷின் 1972 ஆல்பம் 'ஆர்கஸ்', தின் லிஸ்ஸியில் ஸ்காட் கோர்ஹாமும் பிரையன் ராபர்ட்சனும், அயர்ன் மெய்டன் என்று டூயல் லீட் வாசித்த ராக் பேண்டுகளை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒன்றும் கேட்கவில்லை. தேர்வு நடத்திய சார் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே, "பன்னெண்டாவது பார்ல ஜி ஷார்ப் எதுக்குப்பா?" என்றார்.

"கார்டு ஈ மேஜர் சார்."

"கேட்ட பாட்டு எதுலயாவது இப்படி இருக்கா?"

1976-இல் வந்த ஈகிள்ஸ் பேண்டின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டின் கடைசியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் சேர்ந்து வாசிக்கும் இடத்தைச் சொன்னேன். பாட்டு பி மைனர், ஸ்கேலில் இருப்பது ஏ. ஆனால் எஃப் ஷார்ப் கார்டு வரும்போதெல்லாம் ஏ ஷார்ப்தான். அவர்கள் அங்கே கார்டுகளைத்தான் பிரித்துப் பிரித்து வாசிக்கிறார்கள், அதனால் ஸ்கேல் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. சார் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

ஸ்கோரை மட்டும் சாஃப்ட்வேரில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். மியூஸ்ஸ்கோர் இலவசம்தான்.