ராசுவின் ஏழு மணிச் சாப்பாடு

பூனைக்கும் சுகர் வரும். எங்கள் ராசு 10 வயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, நன்றாகக் கொழுத்த கடுவன். இந்த மூன்றும் சேர்ந்தால் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் பிறகு சொன்னார். எங்களுக்கு முதலில் கண்ணில் பட்டது எறும்பு. அவன் சிறுநீர் கழிக்கும் லிட்டர் பாக்ஸைச் சுற்றி வரிசை கட்டி நின்றது. பாத்ரூம் வாளிக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தான். சாப்பாடும் கூடியிருந்தது, ஆனாலும் தடவினால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பின்னங்கால் குதிகால் தரையில் படிய அவன் நடந்ததைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. சுகர் நரம்பைத் தொட்டால் பூனை அப்படித்தான் நடக்கும்.

வீடு புரசைவாக்கத்தில் என்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும். அதனால் ரத்தத்தை மட்டும் நம்பாமல் சிறுநீரையும் பார்த்தார்கள். முந்தைய இரண்டு மூன்று வார நிலவரத்தைக் காட்டும் பிரக்டோசமைன் பரிசோதனையும் எடுத்தோம். சந்தேகமே இல்லை என்றானது. கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆரம்பத்தில் 1 யூனிட்.

ஊசி போடுவது பெரிய விஷயமே இல்லை. மெல்லிய ஊசி; அவன் தின்றுகொண்டிருக்கும்போதே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் போட்டுவிடலாம். சாப்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் வேலை. யார் யார் என்னென்ன போடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. காலையில் கீழ்வீட்டு ஆயாவிடம் பால்சோறு. மத்தியானம் எதிர்வீட்டில் நெத்திலி. ராத்திரி என் கணவர் கையால் ஒரு பிடி டிரை ஃபுட். இடையில் நான் வேறு.

ஆயாவிடம் சொல்வதற்குத்தான் தயங்கினேன். "ஒரு வாய் பால்சோறு தானே கண்ணு, பாவம், பசியில கத்துது" என்றார். "உங்களுக்கு இருக்கிற அதே சுகர்தான் ஆயா அவனுக்கும். ரெண்டு வேளை ஊசி போடறோம்" என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. "அய்யோ, அப்போ ஊசி போட்டுட்டு சாப்புடாம கெடந்தா சுகர் லோ ஆயிடுமேம்மா!" டாக்டர் எனக்கு அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எதிர்வீட்டு நெத்திலியையும் அவரே காவல் காத்தார்.

காலை 7, இரவு 7. முதலில் சாப்பாடு, அவன் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. தின்னவில்லை, வாந்தி எடுத்தான் என்றால் முழு அளவு போடாமல் டாக்டருக்கு ஃபோன். ஃபிரிட்ஜ் கதவில் காலண்டர் ஒட்டி, போட்டவர் அந்த நேரத்திலேயே டிக் அடிக்க வேண்டும். டிக் இல்லை, போட்டோமா இல்லையா என்று நினைவும் இல்லை என்றால் அந்த வேளை ஊசியை விட்டுவிடுவோம். ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு தடவை போட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயாவின் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ராசுவுடையது மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் ராசுவின் மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அதனால் அவன் சிரிஞ்சுகளுக்குத் தனி டப்பா, அது எங்கள் வீட்டைவிட்டு வெளியே போகாது.

டிரை ஃபுட்டை விட்டு மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற வேண்டியிருந்தது. டிரை ஃபுட்டில் உருண்டை பிடிக்கவே மாவுச்சத்து வேண்டியிருக்கிறது. குழம்பாக இருக்கும் பாக்கெட்டுகளிலும் கெட்டியாக்க மாவு சேர்ப்பதுண்டு. லேபிளில் பெரும்பாலும் கார்போஹைட்ரேட் அளவு போட மாட்டார்கள். புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார்ச்சத்து, சாம்பல் எல்லாவற்றையும் கூட்டி 100இல் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய அதுதான். வெறும் வேகவைத்த கோழியே போதுமா என்று கேட்டேன். கால்சியம் பற்றாது, பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்தும் குறையும், வழக்கமான சாப்பாட்டின் மேல் கொஞ்சம் வைக்கலாம் என்றார் டாக்டர். உணவை ஒரே நாளில் மாற்றவும் விடவில்லை. மாவு குறைந்தால் இன்சுலின் தேவையும் மளமளவென்று குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் லோ ஆகிவிடும். காதோரத்தில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் குறைத்துக் காட்டும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது. சர்க்கரை 60க்குக் கீழே போனால் உடனே சாப்பாடு. தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். தேன் பாட்டில் ஊசி டப்பாவோடேயே இருக்கிறது.

ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள்தான் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். இரவு ஊசிக்கு அது நாம் தூங்கும் நேரம். நடுவில் சிறிய பங்கு வைக்க டாக்டர் சம்மதித்தார். ஆனால் சென்னை வெக்கையில் ஈர உணவு சீக்கிரம் கெட்டுவிடும். படுக்கப்போகும்போது ஃபிரீசரில் கல்லாக உறைந்த பங்கைக் கிண்ணத்தில் வைத்தேன். மெல்ல இளக இளக நக்கித் தின்கிறான். இதைக் கண்டுபிடித்த பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போனது. இன்சுலினைத் துண்டில் சுற்றி, ஐஸ் நேராகப் படாதபடி பிளாஸ்கில் வைத்தோம். உறைந்தாலும் அந்த மருந்து வீண்தான். சாப்பாட்டுக்கு டின் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் ஏழு மணி தவறவில்லை.

இப்போது அரை யூனிட்டுக்கு வந்திருக்கிறோம். அதற்கென்று அரை யூனிட் கோடு உள்ள சிரிஞ்ச் வாங்கினோம். குதிகால் தரையில் படாமல் நடக்கிறான், மாடிப்படியும் ஏறுகிறான். சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு என்கிறார் டாக்டர். ஊசி நின்றாலும் பால்சோறும் டிரை ஃபுட்டும் திரும்பக் கிடையாது, காதில் குத்திப் பார்ப்பதும் தொடரும். அடுத்த மாதம் மறுபடி பிரக்டோசமைன் எடுக்க வேண்டும்.