வைவாவில் பின் ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னால்: பூட்லோடர் ப்ராஜெக்ட் எடுக்கிறவர்களுக்கு

எம்பெடட் ப்ராஜெக்ட் எடுத்திருக்கிற ஃபைனல் இயர் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், குறிப்பாக நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் கையுமாகத் திரிகிறவர்களுக்கு. கோட் எழுதச் சொல்லித்தர யூடியூபில் எவ்வளவோ வீடியோ கிடக்கிறது. பில்ட் முடிந்து வெளியே வருகிற பின் (.bin), ஹெக்ஸ் (.hex) ஃபைல்களைப் பற்றித்தான் பேச ஆளில்லை. வைவாவுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து உட்கார்ந்தால் நேராக அங்கேதான் கைவைப்பார். எங்களிடம் கோடில் ஒரு வரிகூடக் கேட்கவில்லை, “பின் ஃபைலைத் திற, முதல் எட்டு பைட்டைப் படி” என்றார்.

எங்கள் ப்ராஜெக்ட் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்துகிற ஒரு ஸ்மோக் ஹவுஸுக்கானது. உள்ளே வெப்பம் 40 முதல் 60 டிகிரிக்குள் நிற்கவேண்டும், போர்டு சுவரில் ஒரு டப்பாவுக்குள் இருக்கும், சின்ன மாற்றத்துக்கெல்லாம் டப்பாவைக் கழற்றி எஸ்டி-லிங்க் என்கிற ப்ரோக்ராமரை மாட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சீரியல் கேபிள் வழியாகவே புது ஃபர்ம்வேரை ஏற்ற ஒரு பூட்லோடர் எழுதினோம், அதாவது ஆன் ஆனதும் முதலில் ஓடி, புது ஃபைல் வந்தால் ஏற்றிவிட்டு, இல்லையென்றால் அப்ளிகேஷன் என்கிற முக்கிய ப்ரோக்ராமுக்குத் தாவுகிற சின்ன ப்ரோக்ராம். உங்கள் ப்ராஜெக்ட் வேறாக இருக்கலாம், ஆனால் பூட்லோடர் எதற்கு என்று கேட்டால் இப்படி ஒரு உண்மையான காரணம் கையில் இருக்கட்டும், “ஃப்யூச்சர் ஸ்கோப் சார்” என்று இழுக்காதீர்கள்.

படிக்கத் தொடங்க நல்ல இடம் அர்டுயினோ ஊனோ. அதன் சிப்பில் ஃபிளாஷ் 32 கேபி, அதாவது 32768 பைட். கம்பைல் செய்தால் அதிகபட்சம் 32256 பைட் என்றுதான் காட்டும். மீதி 512 பைட்டில் உட்கார்ந்திருப்பதுதான் ஆப்டிபூட் என்கிற பூட்லோடர். அங்கே அது ஃபிளாஷின் கடைசியில் இருக்கிறது, எஸ்டிஎம்32-இல் நாம் எழுதுகிற பூட்லோடர் முதலில் இருக்கும், அப்ளிகேஷன் பின்னால் தள்ளிப்போகும். வேலை கூடுவதே இந்தத் தள்ளலால்தான்.

ப்ளூ பில் போர்டில் வருகிற எஃப்103சி8 சிப்பை வைத்தே சொல்கிறேன். ஃபிளாஷ் 64 கேபி, தொடக்க முகவரி ஹெக்ஸில் 08000000. ரேம் 20 கேபி, தொடக்கம் 20000000. பூட்லோடருக்கு முதல் 16 கேபி ஒதுக்கினால் அப்ளிகேஷன் 08004000-இல் தொடங்கும். எந்தக் கோட் எந்த முகவரியில் என்று சொல்கிற லிங்கர் ஸ்கிரிப்டில் ஃபிளாஷின் தொடக்கத்தை அப்படி மாற்றி, நீளத்தை 48கே என்று குறைக்கவேண்டும். நீளத்தைக் குறைக்காமல் விட்டாலும் பில்ட் ஆகும், கோட் பெருத்து இடம் தாண்டும்போது லிங்கர் வாயே திறக்காது.

இப்போது அந்த எட்டு பைட். ஹெக்ஸ் எடிட்டரில் பின் ஃபைலைத் திறந்தால் முதலில் 00 50 00 20 என்று இருக்கும். சிறிய பைட் முன்னால் வருவதால் பின்னிருந்து படித்தால் 20005000, அதாவது ரேமின் உச்சி, ஸ்டாக் தொடங்கும் இடம். அடுத்தது 45 41 00 08 என்பதுபோல இருக்கும், திருப்பினால் 08004145, இதுதான் ரீசெட் ஹேண்ட்லர், ரீசெட் ஆனதும் முதலில் ஓடுகிற ஃபங்ஷனின் முகவரி. இந்த எட்டு பைட்தான் வெக்டர் டேபிளின் தொடக்கம், பின்னால் இன்டரப்ட்களுக்கான முகவரிகள் வரும். இரண்டு விஷயம் பாருங்கள்: அது 08004000-க்கு மேலே, அப்ளிகேஷன் பகுதிக்குள் இருக்கவேண்டும், கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருக்கவேண்டும், ஏனென்றால் கார்டெக்ஸ்-எம் தம்ப் கோட்தான் ஓட்டும், அதைக் காட்டுவது அந்தக் கடைசி பிட். இது 08000-இல் தொடங்கினால் லிங்கர் மாற்றம் எடுபடவில்லை என்று அர்த்தம், போர்டில் ஏற்றிப் பார்க்கவே வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் எல்இடி ஒருமுறை எரிந்து அப்படியே நின்றால், வெக்டர் டேபிள் எங்கே என்று சிப்புக்குச் சொல்கிற விடிஓஆர் ரெஜிஸ்டரில் 08004000 எழுதினீர்களா என்று பாருங்கள். எழுதாவிட்டால் முதல் இன்டரப்ட் வந்ததும் சிப் பூட்லோடரின் டேபிளுக்குப் போய்விடும், டிலே ஃபங்ஷன் முடியவே முடியாது. கார்டெக்ஸ்-எம்0-இல் இந்த ரெஜிஸ்டரே கிடையாது, டேபிளை ரேமுக்குக் காப்பி செய்யவேண்டும் என்பது எக்ஸ்டர்னலுக்குப் பிடித்த துணைக்கேள்வி.

ஹெக்ஸ் ஃபைல் வேறு ஜாதி. பின் ஃபைலில் முகவரியே இருக்காது, எங்கே எழுதுவது என்று பூட்லோடருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இன்டெல் ஹெக்ஸில் ஒவ்வொரு வரியிலும் முகவரி உண்டு. முதல் வரி பெரும்பாலும் :020000040800 என்று வந்து எஃப்2-இல் முடியும். 02 என்பது டேட்டா நீளம், 0000 முகவரி, 04 என்றால் மேல்பாதி முகவரி வருகிறது என்று பொருள், 0800 அந்த மேல்பாதி. செக்சம் கையாலேயே போட்டுவிடலாம்: 2, 4, 8 கூட்டினால் 14, 256-இல் கழித்தால் 242, ஹெக்ஸில் எஃப்2. இன்டர்னல் தேர்வில் இந்தக் கணக்கு அப்படியே வரும், ஐந்து மார்க்கை விட்டுவிடாதீர்கள் மக்கா. அடுத்த வரி :10400000 என்று தொடங்கினால் 16 பைட், முகவரி 4000, டைப் 00.

பின் ஃபைல் திடீரென 384 எம்பி ஆகிவிட்டதா? கம்ப்யூட்டரில் வைரஸ் இல்லை. ரேமில் இருக்கவேண்டிய ஒரு செக்‌ஷனை லோட் ஆகிற செக்‌ஷனாக விட்டிருப்பீர்கள், 08000000-இலிருந்து 20000000 வரைக்குமான இடைவெளி முழுவதையும் பின் ஃபைலை உருவாக்குகிற ஆப்ஜ்காப்பி பூஜ்யத்தால் நிரப்பியிருக்கும். இடைவெளி சின்னதாக இருந்தாலும் தொல்லைதான், அழித்த ஃபிளாஷில் எஃப்எஃப் இருக்கும், பின் ஃபைலின் இடைவெளியிலோ 00 இருக்கும். ஹெக்ஸிலிருந்து ஏற்றிவிட்டு பின் ஃபைலிலிருந்து சிஆர்சி (ஃபைல் கெடாமல் வந்ததா என்று பார்க்கிற எண்) எடுத்தால் ஒருநாளும் சேராது. கேப்-ஃபில் ஆப்ஷனில் எஃப்எஃப் கொடுங்கள்.

சிஆர்சி பற்றி இன்னொன்று. பைத்தானின் ஸிலிப் தருகிற சிஆர்சி32-உம் எஃப்103-இன் ஹார்ட்வேர் யூனிட் தருவதும் ஒரே பாலினோமியல்தான், ஆனால் பிட்டைத் திருப்புவதிலும் கடைசி எக்ஸ்ஓஆரிலும் வேறுபடும், விடை வேறு வேறாகத்தான் வரும். ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டாமல் சிப்பிலும் ஸிலிப் முறையையே சாஃப்ட்வேரில் எழுதிவிடுங்கள், 48 கேபிக்கு அது பெரிய நேரமில்லை.

சிஆர்சி, நீளம், வெர்ஷன் எல்லாம் வைக்க ஃபைலின் முன்னால் ஒரு ஹெடர் சேர்ப்போம் என்று தோன்றும். 16 பைட் போதும் என்று சேர்த்தால் வெக்டர் டேபிள் 16 பைட் தள்ளிப்போகும், இந்தச் சிப்பில் டேபிள் 512-இன் மடங்கில்தான் இருக்கவேண்டும். ஆகவே ஹெடரை 512 பைட்டுக்கு நிரப்பி அப்ளிகேஷனை 08004200-இல் தொடங்குங்கள், லிங்கரிலும் விடிஓஆரிலும் இதே எண், நீளமும் 512 பைட் குறையும். ஃபிளாஷில் எழுதுவது இரண்டு இரண்டு பைட்டாக என்பதால் மொத்த நீளம் இரட்டைப்படையாக இருக்கட்டும்.

ஆனி மழையில் நம்ம ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது, பாதி ஃபைல் ஏறும்போது போனால் என்ன ஆகும் என்று கட்டாயம் கேட்பார்கள். பதில்: ஹெடர் இருக்கிற பேஜை முதலில் அழித்து, அப்ளிகேஷனை எல்லாம் எழுதி, சிஆர்சி சரிபார்த்த பிறகு கடைசியாக ஹெடரை எழுதவேண்டும். பேஜ் 1 கேபி என்பதால் அப்ளிகேஷனின் முதல் 512 பைட்டும் அதே பேஜில் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். ஹெடர் இல்லையென்றால் பூட்லோடர் தாவாமல் புது ஃபைலுக்குக் காத்திருக்கும். வைவாவில் இதை வாயால் சொல்வதைவிட, ஏறிக்கொண்டிருக்கும்போதே சப்ளையைப் பிடுங்கிக் காட்டுங்கள்.