அசதி நாட்குறிப்பு: காபி, மாத்திரை, வெயில், தூக்கம்

மே 14, புதன்

அக்னி நட்சத்திரம். சென்னையில் ராத்திரி பத்து மணிக்கும் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் சுவரைத் தொட்டால் சுடுகிறது. இந்த நாட்களில் யார் "ஒரே அசதி" என்றாலும் முதலில் தூக்கத்தைத்தான் விசாரிக்க வேண்டும். தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கியாக வேண்டும். புழுக்கத்தில் வேர்வை ஆறுவதில்லை, சூடும் இறங்குவதில்லை. எட்டு மணி நேரம் படுத்தே கிடந்தாலும் தூங்கியது அதில் எவ்வளவோ குறைவு.

படுக்கிற நேரத்தில் சில்லென்று குளிப்பது சுகம்தான். ஆனால் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் சூடு உள்ளேயே தங்கிவிடும். 40 டிகிரி சுமாருக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடக் குளியல், அதுவும் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட்டால், தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தோலுக்கு ரத்தம் ஏறி, ஈரம் காயும்போது சூடு கழிகிறது. இதற்காக கீசர் போட வேண்டாம். மே மாதத்து மேல்தொட்டித் தண்ணீர் சாயங்காலம் தானாகவே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் வருகிறது.

மே 17, சனி

டானிக் பாட்டிலைத் தேடும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழுந்தது, காபி, டீ குடித்த நேரங்கள், அசதி உச்சத்தில் இருந்த நேரம். நாளுக்கு நான்கு வரி போதும்.

எழுதியதைப் படித்தால் ஒரு போக்கு தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகினால் தூக்கக் குறைவு, குறட்டை நோய், அல்லது செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை. கண் சொருகவில்லை, ஆனால் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கி நெஞ்சு படபடக்கிறது என்றால் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஓய்வெடுத்தாலும் தெளிவில்லை, பிடித்ததும் பிடிக்கவில்லை, விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது என்றால் மனநிலையை. ஒரே ஆளுக்கு இரண்டோ மூன்றோ சேர்ந்து இருப்பதும் சகஜம்.

நோட்டை மூடிவிட்டு நேரே டாக்டரிடம் போக வேண்டியவை: காரணமில்லாமல் எடை குறைவது, இரண்டு வாரம் தாண்டிய இருமல் அல்லது காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டுவது, மலத்தில் ரத்தம், கால் வீக்கம். நெஞ்சு வலி இருந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

மே 20, செவ்வாய்

எழுபது எண்பது சோதனைகள் அடங்கிய "முழு உடல் பரிசோதனை" பேக்கேஜ் அசதிக்கு நல்ல தொடக்கம் அல்ல. லேப் காட்டும் இயல்பு அளவு என்பது பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமுள்ள நூறு பேரில் 95 பேர் அடங்கும் எல்லை. அத்தனை சோதனை செய்தால் எந்த நோயும் இல்லாதவருக்கும் மூன்று நான்கு எண்கள் தடித்த எழுத்தில் வரும். பிறகு அசதியோடு கவலையும் சேர்ந்துகொள்ளும்.

முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), பி12, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு). பெரும்பாலோருக்கு இவை போதும். ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேர் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பாதிப் பேருக்கு இருப்பதால்தான் அது யாருக்கும் நோயாகத் தெரிவதில்லை. "பொம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று போய்விடுகிறது.

ஃபெரிட்டின் என்பது இரும்பின் சேமிப்புக் கணக்கு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இது காலியாகி அசதி வரலாம். 15-க்குக் கீழே என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஆனால் காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் இந்த எண் பொய்யாக உயரும். வைரல் காய்ச்சல் முடிந்த வாரத்தில் எடுத்த ஃபெரிட்டினை நம்ப முடியாது.

மே 21, புதன்

இரும்பு மாத்திரை வேலை செய்யவில்லை என்கிறவர்களில் பலர் அதைக் காலை டிபன் முடித்து, டீயோடு விழுங்குகிறவர்கள். டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, காபியும் அப்படித்தான். மாத்திரைக்கு முன்னும் பின்னும் காபி, டீ, பால் இல்லாத ஓர் இடைவெளி வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுவது நல்லது. கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி.

ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை உயர்த்தி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க குடலின் கதவைச் சாத்துகிறது. அதனால்தான் லேசான குறைபாட்டில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போடும் முறை இப்போது பரவலாகி வருகிறது. மலச்சிக்கலும் வயிற்றுப் புரட்டலும் குறைகின்றன. கர்ப்பத்திலும் கடுமையான சோகையிலும் மட்டும் டாக்டர் சொன்ன கணக்குத்தான். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம், பயம் வேண்டாம். தார் போல ஒட்டும் கறுப்பு என்றால் அது வேறு; உடனே காட்ட வேண்டும்.

அட்டையின் பின்பக்கம் படியுங்கள். ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்றால் அதில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கிறது.

மே 27, செவ்வாய்

சாப்பாடு. பீட்ரூட் சிவப்பு ரத்தச் சிவப்பு அல்ல. 100 கிராமில் 1 மி.கி. இரும்புகூட இல்லை. முருங்கைக்கீரையில் 4.5 மி.கி. அளவுக்கு உண்டு, ஆனால் ஒருவர் சாப்பிடும் பொரியலில் கீரை 50 கிராம் இருந்தால் அதிகம், அதிலும் உடம்பில் சேர்வது சிறு பங்கு. அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழிந்தால் சேர்வது கூடும். கொதிக்கும்போது பிழிந்தால் சி வைட்டமின் வீணாகும்.

கறிக்கடையில் அம்மாக்கள் கேட்டு வாங்கும் சுவரொட்டிக்கு ரத்தம் ஊறும் என்ற பேர் சும்மா வரவில்லை. ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மி.கி. வரை இரும்பு, ஈரலைவிடப் பல மடங்கு, அதுவும் உடம்பு எளிதாக ஏற்கும் வகை. கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் ஏ வைட்டமின் மிக அதிகம்.

எவ்வளவு சாப்பிட்டாலும், மாதவிடாயில் மணிக்கொரு நாப்கின் மாற்றும் அளவு போக்கோ, ஏழு நாளைத் தாண்டிய போக்கோ இருந்தால் ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற கதைதான். முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். காலை ஐந்தரைக்கு எழுந்து, தைராய்டு மாத்திரையைப் போட்டு, பத்தாவது நிமிடம் காபி. இது பல வீடுகளில் நடப்பது. தைராக்சின் மாத்திரை வெறும் தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போக வேண்டும். காபி அதன் உறிஞ்சலைக் கெடுக்கிறது, டி.எஸ்.எச். ஏறுகிறது; டோஸைக் கூட்டுகிறார்கள்; காபி மட்டும் அதே நேரத்தில் தொடர்கிறது. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. காலையில் இந்த இடைவெளிக்கு வழியே இல்லாத வீட்டில், டாக்டரிடம் கேட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறு சோதனை. பத்தே நாளில் லேபுக்குப் போவது பணத்துக்குக் கேடு.

ஜூன் 5, வியாழன்

காபியையே விடச் சொல்வது வீண். நேரத்தை மாற்றலாம். காஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். மாலை ஐந்தரைக் காபியில் பாதி பத்தரைக்கும் ரத்தத்தில் இருக்கிறது. "எனக்குக் காபி குடிச்சாலும் தூக்கம் வரும்" என்பது உண்மையாகவே இருக்கலாம். வரும் தூக்கம் ஆழமில்லாமல் போவது தெரியாது. கடைசித் தம்ளர் பிற்பகல் இரண்டு மணிக்கு என்று வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பாருங்கள்.

ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் மண்டையிடி, இரண்டாம் நாள் இன்னும் மோசம், ஒரு வாரம் வரை நீளும். அந்த அசதியையே பழைய அசதி என்று நினைத்து மறுபடி தொடங்குவார்கள். மூன்று நாளுக்கொரு முறை அரைத் தம்ளர் குறையுங்கள். அல்லது சிக்கரி கூடுதலான பொடிக்கு மாறுங்கள். சிக்கரியில் காஃபீன் கிடையாது, கலவைப் பொடியில் 49 சதவீதம் வரை அது இருக்கலாம்.

ஜூன் 11, புதன்

பி12. சைவம் சாப்பிடுகிறவர்கள், மெட்ஃபார்மின் பல வருடமாக எடுக்கும் சர்க்கரைக்காரர்கள், தினமும் பான்டோபிரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்கள்: மூவருக்கும் குறையலாம். இட்லி மாவு புளிப்பதால் பி12 வரும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். பாதம் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதி இருந்தால் அசதியோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்த எண்ணிக்கை தேறிவிடும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். அதுதான் ஆபத்து.

ஜூன் 19, வியாழன்

எல்லா எண்ணும் சரியாக வந்தவர்களுக்கு இன்றைய குறிப்பு.

மனம் தெளிந்தால் எழுந்து வேலை பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் சோர்வை வளர்ப்பது. செய்யாததால் சந்தோஷம் தருகிற எதுவும் நடப்பதில்லை. நடக்காததால் மனம் இன்னும் கீழே போகிறது. இதைத் தலைகீழாக்குவதே செயல்தூண்டல் சிகிச்சை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைக் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் என்ற முடிவு 2017-இல் லான்செட் இதழில் வந்தது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். மணிக்கு ஒரு வரி: என்ன செய்தேன், அதில் மகிழ்ச்சி எத்தனை, முடித்த திருப்தி எத்தனை, இரண்டுக்கும் 0 முதல் 10 வரை. ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் எல்லாவற்றுக்கும் 2 போடத் தோன்றும், மனச்சோர்வின் ஞாபகம் அப்படி. அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும். வாரக் கடைசியில் பார்த்தால் படுத்துக்கொண்டு போன் தள்ளிய மணி நேரங்களுக்குப் பெரும்பாலும் 1, 2 இருக்கும். கீழ்வீட்டுப் பாட்டியிடம் பத்து நிமிடம் பேசியதற்கு 5 இருக்கும்.

இரண்டாம் வாரம் 5 வாங்கியவற்றில் இரண்டைத் தேர்ந்து, நாள், மணி, இடம், கூட யார் என்று குறித்துவையுங்கள். "வீட்டை ஒழுங்குபண்ண வேண்டும்" என்பது வேலை அல்ல, மலை. "செவ்வாய் காலை ஏழரைக்கு மேசை மேல் கிடக்கும் பேப்பர் மட்டும், பத்து நிமிடம்" என்பது வேலை. மனம் வந்தால் என்று இல்லை, மணி வந்தால்.

இரண்டில் ஒன்று வெளியே நடப்பதாக இருக்கட்டும், காலை எட்டுக்குள். வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ், மேகம் மூடிய நாளிலும் வெளியே பல ஆயிரம். உடம்பின் கடிகாரம் அந்த வித்தியாசத்தைத்தான் படிக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

பட்டியல் ஏன் படுத்துவிடுகிறது? கடமைகளை மட்டும் எழுதியிருப்பார்கள். திருப்தி ஏறும், மகிழ்ச்சி ஏறாது. அல்லது நல்ல நாள் ஒன்று கிடைத்ததும் ஆறு வேலையை ஒன்றாகச் செய்து, அடுத்த மூன்று நாள் எழ முடியாது. முதல் இரண்டு வாரம் மகிழ்ச்சிக்கு 2 தான் வரும். செய்தோமா என்பதை மட்டும் எண்ணுங்கள். செய்ய முடியாத வேலையைப் பாதியாக வெட்டுங்கள், மறுபடி பாதியாக.

மனச்சோர்வை அளக்கும், ஒன்பது கேள்வி கொண்ட பி.எச்.கியூ-9 தாளைத் தமிழில் நிரப்பிப் பார்க்கலாம். மொத்தம் 27 மதிப்பெண், பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாம் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" தவிர எந்தப் பதில் வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஜூலை 3, வியாழன்

ஒரு வகை அசதிக்கு மேலே சொன்ன நடை உதவாது, கெடுக்கும். காய்ச்சலுக்குப் பிறகு பல மாதமாக, சிறிது வேலை செய்தாலும் உடனே அல்ல, மறுநாளோ அதற்கு மறுநாளோ விழுந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் இவர்களுக்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையைக் கைவிடச் சொன்னது. மோசமான நாளில் எவ்வளவு தாங்குமோ அதுவே நல்ல நாளுக்கும் எல்லை. வெங்காயம் உரிப்பதை உட்கார்ந்து செய்யுங்கள்; குளியலையும் சமையலையும் ஒரே மணி நேரத்தில் வைக்காதீர்கள்.

ஜூலை 12, சனி

குறட்டை, இடையே மூச்சு நின்று திணறல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ரத்த அழுத்தம். இவற்றில் மூன்று இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். கூடப் படுப்பவரிடம்தான் விசாரிக்க வேண்டும், தூங்குகிறவருக்குத் தெரியாது. தூக்க மாத்திரையும் மதுவும் இதை மோசமாக்கும்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. விரதக்காரர் வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் இனி ஒரு மாதத்துக்கு இல்லை. மாத்திரையை அந்தக் கணக்கில் விடாதீர்கள்.

மே மாதம் இரும்பு தொடங்கியவர்களுக்கு இப்போது மறு சோதனை நேரம். தினமும் போட்டவருக்கு நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டவருக்குக் கொஞ்சம் மெதுவாக ஏறலாம். ஏறவே இல்லையென்றால் வரிசையாகப் பாருங்கள்: மாத்திரை உண்மையிலேயே போனதா, டீ பக்கத்தில் இருந்ததா, அசிடிட்டி மாத்திரை தினமும் உண்டா, ரத்தப்போக்கு நிற்கவில்லையா. எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு) குறைவு, ஃபெரிட்டின் இயல்பு என்றால் தலசீமியாக் கீற்று (பரம்பரையாக வரும் லேசான ரத்தக் குறைபாடு) இருக்கலாம். அதற்கு இரும்பு மருந்தல்ல. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இரும்பு ஏன் குறைந்தது என்று குடலைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏறியவர்கள் அன்றே நிறுத்த வேண்டாம். இயல்புக்கு வந்தபின்னும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். சோதனைக்குப் போகும்போது, முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது டி.எஸ்.எச். எண்ணைத் தப்பாகக் காட்டும்.